பழவேற்காட்டுக்கு ஒரு தலைத்துணி

பழவேற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க வருவார்கள். அதுவும் இல்லையென்றால் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வருவார்கள். நான் ஒரு தலைத்துணியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள்.

பிறந்தது யாழ்ப்பாணம். இப்போது இருப்பது கனடா. அங்கே ஓர் இராணுவக் கிடங்கில் வேலை. துவக்கு, பீரங்கி என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். சீருடை, சப்பாத்து, கையுறை, உள்பனியன் இவற்றை ஆளுக்குத் தக்க அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் என் பணி. எங்கள் இராணுவத்தில் சீக்கியரின் டர்பனும் முஸ்லிம் பெண்ணின் தலைத்துணியும் சீருடையோடு சேர்த்தி. அதனால் அவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஷமீமாவின் சொந்த ஊர் பழவேற்காடு. சென்னையில் என் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம், போய் வரப் போகிறேன் என்று சொன்ன அன்றே ஒரு சிறிய பொதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு தலைத்துணி. கிடங்கில் எடுத்ததல்ல, அதே மாதிரித் துணியைக் கடையில் வாங்கியிருந்தாள். பின்னாலிருந்து யாராவது பிடித்து இழுத்தால் கழுத்தை இறுக்காமல் கையோடு கழன்று வந்துவிடும். கைகலப்பில் உயிர் போகக் கூடாது என்பதற்காக அப்படித் தைப்பார்கள்.

"என் தங்கச்சி ஜுலைகா கையில நேரா குடுங்கக்கா. கரைக்காவல்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தலைத்துணியோட எடுக்க முடியாதுன்னுட்டாங்களாம்" என்றாள்.

கரைக்காவல் என்பது கடல் வழியாக யாரும் ஊடுருவலாம் என்று எச்சரிக்கை வரும் நாட்களில் ஏரியிலும் கடற்கரையிலும் போலீஸுக்குத் துணையாக நிற்கும் உள்ளூர்த் தொண்டர்களின் குழு. அதன் முறையான பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், ஆகவே இப்படியே சொல்கிறேன். அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் முதல்தடவையாகப் பெண்களைச் சேர்க்கப் போகிறார்கள்.

கல்யாணச் சாப்பாடு செரிக்குமுன்பே புறப்பட்டேன். பொன்னேரி வரை மின்சார ரயில். அங்கே பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டரிடம், "பழவேற்காட்டுக்குப் போற பஸ் எதுவெண்டு சொல்லுவீங்களே?" என்று கேட்டேன். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து எல்லோரும் இறங்கிய இடம் காட்டூர்.

"நீ இன்னா கேட்டன்னே எனக்குப் புரியலம்மா. ஏறிட்ட, டிக்கெட் குடுத்தேன்" என்றார் கண்டக்டர். அவர் மேல் தவறில்லை. என் தமிழைச் சென்னையிலேயே மூன்று பேர் மலையாளம் என்று நினைத்திருந்தார்கள்.

காட்டூரில் தார்ச் சாலையில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பச்சை மிளகாய். "கேரளாவா நீ?" என்றார். இலங்கை என்றேன். "அப்போ மிளகா துண்ணுவ" என்று இன்னொன்றையும் வைத்தார். அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

ஆட்டோவில் எனக்கு இரண்டு பக்கமும் மீன்கூடைப் பெண்கள். காலிக் கூடைகள் என் மடியில். அவர்கள் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டே வந்தார்கள். படித்துறையில் சோதனை வைக்கும் நாட்களைப் பற்றிய பேச்சு.

"கூடையக் கிளறிப் பாக்கட்டும், நான் வேணான்னா சொல்றேன்? இடுப்புல கீற சுருக்குப் பைய ஆம்பள முன்னாடி அவுருன்னா எப்படி அவுக்குறது?"

"அன்னைக்கெல்லாம் நான் படகு ஏறுறதே இல்ல. யாவாரம் போனா போவட்டும்."

ஷமீமா சொன்னபோது இது ஒரு முஸ்லிம் வீட்டுப் பிரச்சினை என்றுதான் எனக்குப் பட்டிருந்தது. அந்த ஆட்டோவில் அது கொஞ்சம் அகலமாகிவிட்டது.

ஜுலைகாவின் வீடு பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. ஜுலைகா மெலிந்த, உயரமான பெண். பொன்னேரியில் கல்லூரி முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறாள். பேசும்போது ஆள்காட்டி விரல் தன்பாட்டில் எழுந்துவிடும். வாப்பா இறந்து சில வருஷமாகிறது. உம்மாவும் அவளும் மட்டும்தான். ஊரில் எல்லோருமே அந்த அம்மாவை உம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. மடவை மீன் குழம்பு, இறால் வடை, தேங்காய்ச் சோறு. மடவையின் வயிற்றுப் பகுதியை எனக்குத் தனியாக எடுத்து வைத்தார் உம்மா. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய்ப்பால் முன்னால் நிற்கும். இங்கே புளி முன்னால் நிற்கிறது. இரண்டாவது கரண்டியில் நான் கட்சி மாறிவிட்டேன்.

சாப்பிட்ட கையோடு பொதியைப் பிரித்தோம். ஜுலைகா துணியைத் தலையில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். கொஞ்ச நேரத்திலேயே நெற்றியில் வியர்வை வழிந்தது.

"அக்கா, இது உங்க ஊரு பனிக்குச் சரி. இதப் போட்டுக்கினு படித்துறையில நின்னா நான் வெந்துடுவேன்" என்று சிரித்தாள். எட்டாயிரம் மைல் தாண்டி வந்த துணி அத்தோடு கட்டிலின் மேல் போனது. ஆனால் அது கழன்று வரும் விதத்தை மட்டும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் ஏன் இதற்காக இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாள் என்பதை உம்மாதான் சொன்னார். போன வருஷம் ஏரிக்கு வடகரையில் இருந்த அவருடைய அக்கா காலமானார். காலையில் செய்தி வந்தது. படகில் ஏறினால் அடக்கத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அன்று எச்சரிக்கை நாள், படித்துறையில் சோதனை. உம்மா வெளியே போகும்போது முகத்தையும் மூடிக்கொள்கிறவர். காவலுக்கு நின்ற ஆள் முகத்திரையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள், அவளிடம் காட்டுகிறேன் என்று உம்மா சொல்லியிருக்கிறார். பெண் என்று ஒருத்தியும் அங்கே இல்லை.

"அவன் கெட்டவன் இல்லம்மா. பாக்காம வுட்டா அவனுக்குத்தான் ஆபத்து. அவன் கெஞ்சுறான், நான் அழுறேன். படகு போயிடுச்சு" என்றார் உம்மா.

பிறகு பஸ்ஸில் சுற்றிக்கொண்டு ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் வழியாகப் போயிருக்கிறார். அங்கே சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றிருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

"கூடப் பொறந்தவ மூஞ்சியப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு இறால் வடையை வைத்தார்.

ஜுலைகா விரலை உயர்த்தினாள். "முகத்தப் பாக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேங்கா. பாத்தே ஆவணும். திரைக்குள்ள யார் வேணா ஒளிஞ்சி வரலாம். யார் பாக்குறது, எங்க வெச்சுப் பாக்குறது, அதான் கேள்வி. அதுக்குப் பொம்பள வேணும். அந்தப் பொம்பள நானா இருந்தா இன்னான்னு கேக்குறேன்."

"பேண்ட் போட்டுக்கினு படித்துறையில நிக்கப் போறாளான்னு எங்காளுங்களே ஒரு பக்கம் பேசுறாங்க. அந்தப் பக்கம் தலைத்துணி கூடாதுன்றாங்க. நடுவுல இவ" என்றார் உம்மா. கோபமா பெருமையா என்று அந்தக் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே திரும்பிவிடுவதாக இருந்த நான் திரும்பவில்லை. தேர்வு இரண்டு நாளில் என்றார்கள்.

மறுநாள் காலை ஜுலைகா என்னைப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய சிநேகிதி எஸ்தர் அங்கே இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஜுலைகாவுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது எஸ்தர், எஸ்தரைக் கணக்கில் தேறவைத்தது ஜுலைகா. எஸ்தரும் தேர்வுக்குப் போகிறாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை.

"எங்க நைனா மொதல்ல வுட மாட்டேன்னாரு. அப்புறம் முகத்துவாரத்துல படகு கவுந்தப்ப நான் ரெண்டு பேர இழுத்துக்கினு வந்தேன். அதுலேந்து வாயே தொறக்கறதில்ல" என்றாள். முகத்துவாரம் என்பது ஏரி கடலோடு சேரும் வாய். அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

மூவருமாகப் படகுக் கொட்டகைக்குப் போனோம். கரைக்காவலுக்கு ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் பரந்தாமன் மாஸ்டர் அங்கே இருந்தார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் சந்தனம், வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. ஜுலைகா என்னை, "கனடா மிலிட்டரில இருக்காங்க சார்" என்று அறிமுகப்படுத்திவிட்டாள். மாஸ்டர் நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்து, என்ன ரேங்க் என்று கேட்டார்.

"நான் சிவிலியன் ஐயா. சப்பாத்தும் உள்பனியனும் எடுத்துக் குடுக்கிறனான்" என்றேன்.

அவர் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் டீ சொன்னார். டீ வந்ததும் தன் கட்சியைச் சொன்னார். "கப்பல்ல ஏறுறப்ப சாமியக் கரையில வுட்டுட்டு ஏறணும். எனக்குச் சொல்லிக் குடுத்தது அது. அப்பத்தான் பக்கத்துல நிக்கிறவன் எந்தச் சாமி, எந்த சாதின்னு பாக்காம உயிரக் குடுப்பான். அதனாலதான் மதச் சின்னம் வேணாம்ன்றேன். இந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்?"

அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நான் வாழும் நாட்டிலேயே ஒரு மாகாணத்தில் போலீஸ்காரர் மதச் சின்னம் எதுவும் அணியக் கூடாது என்று சட்டம். இன்னொரு மாகாணத்தில் டர்பன் கட்டிய போலீஸ்காரர் வீதியில் நிற்கிறார். இரண்டு இடத்திலும் சமத்துவம் என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

எஸ்தர் இவ்வளவு யோசிக்கவில்லை. "அப்போ உங்க கையில கீற கயிறு சார்?"

மாஸ்டர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "இது வீட்டுக்காரி கட்டினது."

"வீட்டுக்காரி கட்டினா சாமி கயிறு இல்லியா சார்?"

"சட்டைக் கை மூடிடும். வெளிய தெரியாது."

"தெரியலன்னா சரின்றீங்க" என்றாள் ஜுலைகா. விரல் எழுந்தது, அவளே மடக்கிக்கொண்டாள்.

சீக்கியர் தலைப்பாகையோடு கப்பலில் இருப்பார்களே என்று நான் கேட்டேன். "அவங்களுக்கு விதியிலயே எழுதியிருக்கு. இந்தப் பொண்ணுக்கும் விதியில இருந்தா நான் ஏன் தடுக்குறேன்?" என்றார் மாஸ்டர். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேறு குரலில் பேசினார். கப்பலில் அவரோடு இருந்த ஒருவன் குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். நங்கூரக் கயிறு இயந்திரத்தில் சுழலும்போது துண்டின் நுனி மாட்டிக்கொண்டது. யாரும் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அந்தத் துண்டு எந்த சாமியோடதுன்னு கயிறு கேக்கல" என்றார். பிறகு ஜுலைகா பக்கம் திரும்பினார். "சாமி விஷயத்த அப்புறம் பேசலாம். துணி உன்னக் கொல்லாதுன்னு மொதல்ல எனக்குக் காமி. பரீட்சைக்கு வா."

ஜுலைகா அதைத்தான் எதிர்பார்த்திருந்தவள் போல உடனே எழுந்தாள்.

அன்று மாலை வீட்டில் தையல் மெஷின் ஓடியது. என்னோடு வந்த தலைத்துணியை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மெல்லிய பருத்தியில் புதிதாக ஒன்று வெட்டினாள் ஜுலைகா. கனடாத் துணியில் இருந்த ஒட்டுப்பட்டைக்குப் பதில் ஜாக்கெட்டுக்கு வைக்கிற டிச் பட்டன். வெட்டினது அவள், தைத்தது உம்மா. "பேண்டுக்கு நான் தைக்க மாட்டேன். இது தலைக்குன்றதால தைக்கிறேன்" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். என் கிடங்கு அனுபவம் அதற்குத்தான் உதவியது.

தேர்வு நாள் வெயில் கொளுத்தியது. படித்துறைக்கு வடக்கே ஆழமான இடத்தில் ஒரு ஃபைபர் படகை நிறுத்தியிருந்தார்கள். அதிலிருந்து குதித்து, தண்ணீரில் நட்டிருந்த கழியைச் சுற்றிக்கொண்டு உடுத்திய துணியோடு திரும்ப வேண்டும். ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் குப்பத்துப் பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். எல்லோரும் அந்த வேலைக்கு வருவது போலவே வந்திருந்தார்கள். மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு.

மாஸ்டர் விசில் ஊதினார். "தலையில கீறத எல்லாம் அவுத்து வெச்சிட்டு வரிசையா நில்லுங்க."

"எதுக்கு சார்? வெயில்ல மண்டை பொளக்குது. தலையில துணி இல்லாம நாங்க ஏரியில எறங்குனதே இல்ல" என்றாள் எஸ்தர். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இதில் திட்டம் எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே வெயில் சுட்டது.

"சரி, கட்டிக்கினே எறங்குங்க" என்றார் மாஸ்டர். சொல்லி முடித்த பிறகுதான் வரிசையின் கடைசியில் நின்ற ஜுலைகாவைப் பார்த்தார். மற்றவர்கள் தலையில் இருந்ததும் துணி, இவள் தலையில் இருந்ததும் துணி. அங்கே அது வெயிலுக்கு, இங்கே அது மதத்துக்கு என்று சொல்ல அவர் வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு மூடிக்கொண்டார். "எல்லாருக்கும்தான் சொன்னேன்" என்றார்.

நான் கரையில் நின்று பார்த்தேன். பெண்கள் நீந்தும்போது தண்ணீரில் தெரிந்தது வரிசையான துணி முடிச்சுகள் மட்டுமே. பாதி வழியில் எஸ்தரின் துண்டு அவிழ்ந்து கையைச் சுற்றிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தாள். ஜுலைகா மெதுவாக, சீராக வந்தாள். கடைசிக்கு முந்தியவளாகத்தான் படகைத் தொட்டாள். துணி தலையில் அப்படியே இருந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன். மாஸ்டர் விடவில்லை. கரையேறியதும் அவளைக் கூப்பிட்டார்.

"தண்ணி சரி. பின்னாடி இருந்து ஒருத்தன் புடிச்சி இழுத்தா?"

"இழுத்தா கையோட வந்துடும் சார்."

"காமி."

படித்துறையில் வலை சரி செய்துகொண்டிருந்த ஆண்கள் தலை நிமிர்ந்தார்கள். இழுத்தால் கழன்று வரும் என்பதைக் காட்ட வேண்டுமென்றால் அது கழன்று வரத்தான் வேண்டும். இத்தனை பேர் நடுவில் அவள் தலை திறந்து நிற்கும். தன் உம்மாவுக்கு நேர்ந்த அதே இடத்தில், அதே மாதிரி. ஜுலைகாவின் முகம் சிவந்துவிட்டது. கிளம்பிப் போய்விடுவாள் என்றுதான் பயந்தேன்.

"ஒரு படுதா கட்டி, அதுக்குப் பின்னாடி எஸ்தர் இழுத்துப் பாக்கட்டும் சார். கனடா அக்காவும் வரட்டும். பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்வாங்க."

"நான் பாக்காம எப்படிம்மா நம்புறது?"

"அதுக்குத்தான சார் பொம்பளைங்கள எடுக்குறீங்க? நாளைக்கு நாங்க உள்ள வெச்சுப் பாத்துட்டு வந்து, ஒண்ணும் இல்ல, படகுல ஏத்தலாம்னு சொல்லுவோம். நீங்க பாக்க முடியாது. எங்க வார்த்தைய நம்பித்தான ஆவணும்? இன்னைக்கே நம்பலன்னா அன்னைக்கு எப்படி நம்புவீங்க?"

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி உச்சந்தலையைத் தடவினார். பிறகு படகின் மேல் கிடந்த நீலப் படுதாவைக் கட்டச் சொல்லிக் கை காட்டினார்.

உள்ளே நாங்கள் மூவர். எஸ்தர் ஒளிவுமறைவில்லாத முழுப் பலத்தோடு இழுத்தாள். துணி வரவில்லை. ஒரு பட்டன் ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. ஜுலைகாவின் கழுத்து பின்னால் வளைந்து, அவள் இருமினாள். அந்தப் பட்டனை எஸ்தர் பல்லால் கடித்துத் தளர்த்தினாள். மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை மொத்தத் துணியும் அவள் கையில் வந்தது. இன்னொரு தடவை. அப்போதும் வந்தது.

வெளியே வரும்போது முதல் இழுப்பைப் பற்றி எஸ்தர் வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நானும் அதைச் சொல்லக் கூடாது என்றே விரும்பினேன்.

"மொத வாட்டி மாட்டிக்கிச்சு சார். ஒரு பட்டன் கெட்டியா கீது. தளத்தினதும் ரெண்டு வாட்டி நல்லா வந்துச்சு. அந்தப் பட்டன மாத்தணும்" என்றாள் எஸ்தர்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "மாட்டிக்கிச்சுன்னு நீயே சொல்றியே. அவ உன் சிநேகிதிதான?"

"அதனாலதான் சார் சொல்றேன். நாளைக்கு அவ கழுத்துல மாட்டினா?"

நீந்தியதைவிட, தைத்ததைவிட, அந்தப் பதில்தான் மாஸ்டரை அசைத்தது என்று நினைக்கிறேன். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லிச் சத்தமாகச் சொன்னார். காவலுக்கு நிற்கும் யாராக இருந்தாலும் தலையில் துணி கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். கட்டினால் ஒரே நீல நிறம். இழுத்தால் கழன்று வர வேண்டும். கழுத்துச் சங்கிலி, சிலுவை, கயிறு எல்லாம் சட்டைக்குள். "என் கயிறும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். மேலிடத்தில் கேட்டு எழுதப் போகிறேன், வேண்டாம் என்று பதில் வந்தால் அப்போது பார்க்கலாம், அதுவரை இதுதான் நடைமுறை என்றார்.

அன்று ஜுலைகாவும் எஸ்தரும் இன்னும் மூன்று பெண்களும் தேறினார்கள். எஸ்தரின் நைனா ஒரு கூடை நண்டு கொடுத்தனுப்பினார். கை எரிய எரியச் சாப்பிட்டோம். நண்டை உடைக்கும்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பது யாழ்ப்பாணத்துக்கும் பழவேற்காட்டுக்கும் பொது.

அந்த வாரக் கடைசியிலேயே எச்சரிக்கை ஒத்திகை வந்தது. நான் பயணத்தைத் தள்ளி வைத்திருந்தேன். இறந்துபோன அக்காவின் பிள்ளைகளைப் பார்க்க வடகரைக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்று உம்மா கேட்டிருந்தார். படித்துறையில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசையின் முனையில் படுதா கட்டிய மறைப்பு. மீன்கூடைப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சோதனை நாளில் இவ்வளவு பெண்கள் படகேறி இப்போதுதான் பார்க்கிறேன் என்று படகுக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

என் முறை வந்தது. உள்ளே நீலச் சட்டை, நீலத் தலைத்துணியில் ஜுலைகா.

சிறுமியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நிற்போம். முதலில் ஆண்கள்தான் சோதித்தார்கள். பிறகு பெண் சிப்பாய்கள் வந்தார்கள், அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஆனால் அந்தக் கைகளும் ஒன்றும் கேட்காமலே உடம்பில் விழுந்தன. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டைக் கிளறிவிட்டு மூடாமல் தந்தன. பெண் கை என்பது மட்டும் போதாது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜுலைகா என்னைத் தெரிந்தவள் போலச் சிரிக்கவில்லை. "வணக்கம்மா. கைய ரெண்டு பக்கமும் தூக்குங்க. இப்போ தோளத் தொடுவேன். இப்போ இடுப்பு. பையத் திறந்து நீங்களே காமிங்க" என்றாள். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொன்னாள். நான் என் பையை நானே திறந்து காட்டினேன். "முடிஞ்சிதும்மா, போலாம்" என்றாள்.

அடுத்தது உம்மா. மகளிடம் நேராகப் போனார். ஜுலைகா பின்வாங்கினாள்.

"சொந்தக்காரங்கள நான் பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் எஸ்தர்கிட்ட போம்மா."

"பெத்தவளயே வேணாங்கிறியாடி?"

"ரூல்சும்மா."

உம்மா முணுமுணுத்துக்கொண்டு எஸ்தர் நின்ற பக்கம் போனார். படுதா மூடிக்கொண்டது. நான் படகில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். ஏரிக்காற்று தண்ணீரைச் சொறிந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்திரையைச் சரி செய்துகொண்டே உம்மா வெளியே வந்தார். படகுக்காரர் கை கொடுக்க, புர்காவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார்.

படகு நடு ஏரிக்கு வந்தது. திரைக்குள் சிரிக்கிறார் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது.

"இன்னா உம்மா?" என்றேன். பழவேற்காட்டில் இருந்த நாட்களில் எனக்கும் அந்த இன்னா ஒட்டிக்கொண்டிருந்தது.

"சின்னதுலேந்து என் வீட்டுல சோறு துண்ற பொண்ணு அந்த எஸ்தரு. இன்னைக்கு என் மூஞ்சிய நேரா பாத்து, உங்க பேரு இன்னாம்மான்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்கள்?"

"நான் இன்னா சொல்றது, கேட்டா சொல்லணும் இல்ல" என்றார் உம்மா. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "கதீஜா பீவின்னு சொன்னேன். எங்க வாப்பா பேரையும் சேத்து, முழுசாச் சொன்னேன்."